தாய்: இல்லை

"ஜெபமலர் காதுல அது என்ன சொல்லிச்சுன்னு நான் கேக்கணும் மேடம்."

நளாயினி மேடம் பேனாவை மூடினார். பதினோரு வருடத்துக்கு முன்னால், எனக்குப் பதினைந்து வயதில், என் மணிக்கட்டில் பட்டையை மாட்டிவிட்டவர் அவர்தான். அன்றைக்கே ஒன்று சொன்னார். எதை வேண்டுமானாலும் என்னிடம் வந்து கேள், இன்னொருத்தி பட்டையில் இருப்பதை மட்டும் கேட்காதே. படித்து முடித்து இதே விடுதிக்கு நலன் அலுவலராக நான் வந்தபோது, அதே வரி பணி ஆணையில் ஏழாவது விதியாக இருந்தது. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டவள் நான். இசக்கியம்மாள், எம்.எஸ்.டபிள்யூ.

"விதி ஏழு," என்றார்.

"தெரியும் மேடம். தெரிஞ்சுதான் கேக்கேன்."

"இன்னிக்கா? நாலு மணிக்கு விழாவை வெச்சுக்கிட்டு?"

"நாலு மணிக்கு அவ அப்பா செத்துருவாரு. அதுக்கு முன்னால கேக்கணும்."

மணி இரண்டரை. கீழே மைதானத்தில் மைக் செட்காரர் ஒன்று இரண்டு மூன்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல்படி விடுதி தூத்துக்குடி ஊர் முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. சேர ஒரே தகுதிதான், வீட்டில் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்கக் கூடாது. உள்ளே வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் மணிக்கட்டில் ஒரு பட்டை, காதுக்குள் மிளகு அளவில் ஒரு கருவி. பட்டை நாடியையும் வியர்வையையும் தூக்கத்தையும் பார்க்கும். பிள்ளை தடுமாறுகிறாள் என்று தெரிந்தால் காதுக்குள் ஒரு பெண் குரல் பேசும். எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது, வார்டன் திட்டினால் எப்படி நிற்பது, யாரோடு சண்டையை வளர்க்காமல் விடுவது, எல்லாம் சொல்லும். பிள்ளைகள் அதை அக்கா என்பார்கள். ஒவ்வொரு நாள் முடியும்போதும் ஒரு மதிப்பெண் வரும். அமைதிப் புள்ளி, நூற்றுக்கு.

பதினெட்டு முடிகிற வருடம் பட்டையைக் கழற்ற வேண்டும். காகிதத்தில் அதற்குப் பெயர் தற்சார்பு நாள். பிள்ளைகள் வாயில் பட்டைகழட்டு. பெற்றவர் மேடைக்கு வந்து தன் கையால் கழற்றிவிட வேண்டும். பெற்றவர் இல்லாத பிள்ளைக்கு நளாயினி மேடம் கழற்றுவார். பூட்டு விடுபடுகிற நொடியில் விடுதிப் பதிவில் இருப்பதெல்லாம் பெரியவர்களுக்கான அரசுப் பதிவேட்டுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு ஒரு எழுத்தை மாற்றவும் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும்.

இந்த வருடம் கழற்றப்போகிறவர்கள் நாற்பத்திரண்டு பேர். அவர்களுடைய படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை. விடுதியில் சேரும்போது இவர்களில் இரண்டு பேருக்குத்தான் தாயோ தகப்பனோ இல்லை. இப்போது பதினொரு பேருக்கு இல்லை. மூன்று வருடத்தில் ஒன்பது சாவு. அதில் ஒன்றுக்குக்கூடப் பிள்ளை லீவு கேட்டு ஊருக்குப் போகவில்லை. அழுததாகப் பட்டையில் பதிவு இல்லை. பிள்ளைகள் சாவை முழுசாக விழுங்கப் பழகிவிட்டார்களோ என்றுதான் முதலில் பயந்தேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது போன செவ்வாய்க்கிழமை தெரிந்தது.

அன்றைக்கு ஜெபமலர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன்.

வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். வாசலில் ஒரு ஆள் நீல டிரம் ஒன்றைச் சாய்த்துப் போட்டு, தலையை உள்ளே விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பேட்டரி வண்டி, அதில் இன்னும் நாலு டிரம். ஓட்டல் ஓட்டலாகப் போய் எச்சில் சோறும் கழனித்தண்ணியும் பிடித்து, எரிவாயு நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிற வேலை. அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. மூக்கைப் பொத்தக் கூடாது என்று என் கையை நானே பிடித்துக்கொண்டிருந்தேன்.

சவரிமுத்து வீடு இதுதானா என்று கேட்டேன். ஆமா என்று டிரம்முக்குள்ளிருந்து குரல் வந்தது. அவர் குடும்பத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். அந்த ஆள் தலையை வெளியே எடுத்தார்.

"நாந்தான் சவரிமுத்து. நீங்க யாரு, விடுதி மேடமா? பிள்ளைக்கு என்னமும் ஆச்சா?"

அந்த இடத்தில் நான் ஒரு பொய் சொல்லியிருக்க வேண்டும். முகவரி மாறிவிட்டது, ரேஷன் அட்டை பார்க்க வந்தேன், என்னவாவது. ஆனால் எதையும் மூஞ்சிக்கு நேரே சொல்கிறவள் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. படிவத்தை எடுத்துக் காட்டி, உங்கள் பெயருக்கு எதிரே காலமானார் என்று இருக்கிறது என்றேன்.

அவர் கையை லுங்கியில் துடைத்தார். படிவத்தைத் தொடவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டார். ஒன்றரை வருடம் என்றேன். 

"அப்ப போன கிறிஸ்மஸுக்கு அவ எடுத்துத் தந்த சட்டைய செத்தவன்தான் போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்கான்," என்று சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் முடிந்துபோனது. "பிள்ளைய ஒண்ணும் சொல்லிராதீங்க மேடம். நாத்தம்லா. பஸ்ல பக்கத்துல உக்காந்தவன் எந்திரிச்சுப் போவான், எனக்குத் தெரியாதா. ஒருநா அவளப் பாக்கணும்போல இருந்துச்சுன்னு உங்க விடுதி வாசல்ல டிரம்மோட வண்டிய நிறுத்திட்டேன். கூட ரெண்டு பிள்ளைங்க நின்னுச்சு. தப்பு எம்மேலதான்."

விழாவுக்கு நீங்கள் வந்து நின்றால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"அவ கூப்பிட்டா வாரேன். நீங்க கூப்பிட்டு வரமாட்டேன். பெரிய மனுஷி ஆகப்போறா. அவ வாயால சொல்லட்டும்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வண்டியை நோக்கி நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"போயிட்டு வாறேன்னு சொல்லிட்டுப் போங்க மேடம். நான் உசுரோடதான இருக்கேன்."

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது என்று எங்களுக்கு ஒரு வழக்கம். துக்கம் கேட்க என்று கிளம்பி வந்தவள், அந்த ஞாபகத்திலேயே சொல்லாமல் கிளம்பியிருக்கிறேன். திரும்பி நின்று போயிட்டு வாறேன் என்றேன். நன்றாகப் போயிட்டு வாங்க என்றார்.

நேற்று மத்தியானம் ஜெபமலரைப் பிடித்தேன். மாடியில் விழாவுக்கான தாவணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒல்லி. கணக்கில் விடுதியிலேயே முதல். யாருக்கும் பயப்படாத வாய்.

"உங்க அப்பாவப் பாத்தேன்," என்றேன்.

"பாத்துட்டீங்களா." பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஒல்லியா இருக்காவளா இன்னும்?"

எப்போது எழுதினாய் என்று கேட்டேன். பதினொன்றாம் வகுப்புப் பெற்றோர் நாளுக்கு முன்னால் என்றாள். மூன்று நாள் தூக்கமில்லாமல் கிடந்தாளாம். அவர் டிரம் வண்டியோடு வாசலில் நின்றதை ஒருத்தி நடித்துக் காட்டினாளாம், மூக்கைப் பிடித்துக்கொண்டு. அதற்கப்புறம் படிவம் வந்தது. அக்கா சொல்லிச்சு, எழுதினேன், தூங்கினேன் என்றாள்.

"நாளைக்குப் பட்டை கழண்டா அது நிஜமாயிரும். தெரியும்லா?"

"தெரியும். மூணு நாளா தூக்கம் வரல. நீங்க வேற வந்து நிக்கிய."

நான் அறிவுரையை ஆரம்பித்தேன். தகப்பன் என்றால் என்ன, வெட்கப்பட என்ன இருக்கிறது, உழைப்பு, வியர்வை, அது இது. மேடையில் பேசிப் பேசிப் பழகின வாய். அவள் தாவணியை நாலாக மடித்து முடிக்கிற வரைக்கும் பேசவிட்டாள்.

"உங்க சித்தி நல்லாருக்காங்களாக்கா?"

எந்தச் சித்தி என்று கேட்டேன்.

"மாசாமாசம் கேட்ல கருவாடு குடுத்துட்டுப் போவாங்கள்லா, அந்தச் சித்தி. உங்க மூக்க அப்படியே அவுங்களுக்கு வெச்சிருக்கு." தாவணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "நீங்க முதல்ல உங்க அம்மாவ உள்ள கூட்டிட்டு வாங்க. நான் பாக்கேன். பாத்துட்டு எங்கப்பாவுக்குப் போன் போடவா வேண்டாமான்னு யோசிக்கேன்."

என் கை தூக்கிவிட்டது. அடிக்கவில்லை. ஆனால் தூக்கிய கையை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். பிள்ளைகளின் நலனுக்காகச் சம்பளம் வாங்குகிறவளின் கை.

இதெல்லாம் மனதில் இருந்ததால்தான் இன்றைக்கு மேடத்தின் எதிரே உட்கார்ந்து ஏழாவது விதியை உடைத்தேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நீ கேட்டால் உனக்குத்தான் கஷ்டம் என்றார். பரவாயில்லை என்றேன். கணினியில் ஜெபமலரின் பெயரைத் தட்டி, தேதியைத் தேடி, ஒலியைக் கூட்டினார்.

சினேகமான குரல். ஊர் வாடையே இல்லாமல் துடைத்து எடுத்த குரல். ஆனால் சொற்கள் துடைபடவில்லை.

"அப்பா பேருக்கு நேரா இல்லைன்னு எழுதிரு. ஒருத்தரும் சாவு சர்டிபிகேட் கேக்கப் போறதில்ல. எழுதிட்டு முகத்தக் கழுவு. கழுவிட்டு வந்து படி."

திரும்பப் போடச் சொன்னேன். போட்டார். மூன்றாவது தடவை போடச் சொல்லத் தைரியம் வரவில்லை.

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. எனக்குப் பதினாறு வயதில், இரண்டாம் மாடிக் குளியலறையில், ஜன்னல் திட்டில் படிவத்தை வைத்துக்கொண்டு, அப்பா என்பதற்குப் பதில் அம்மா என்று, எனக்கு நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டது. பெற்றோர் நாளுக்கு யார் வருவார்கள் என்று கேட்கிற படிவம். அப்பா நான் கைப்பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். தாய் என்ற இடத்தில் தங்கபுஷ்பம் என்றும், தொழில் என்ற இடத்தில் உப்பளக் கூலி என்றும் எழுத வேண்டும். தாய் என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். எழுதிவிட்டு முகத்தைக் கழுவினேன். அப்போது என்னோடு இருந்தது பட்டை ஒன்றுதான்.

"இது என் பேச்சு," என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆமா. முதல் மூணு வருஷம் பட்டை பேசாதுல்ல, கேட்டுக்கிட்டு மட்டும்தானே இருக்கும். தடுமாறுற பிள்ளை என்ன செஞ்சா அடங்குறா, என்ன சொன்னா தூங்குறா, அதைப் படிக்கத்தான் உங்க செட்டுக்கு மாட்டினோம். அதுலேர்ந்துதான் அக்காவைச் செஞ்சாங்க."

"முந்நூறு பேர் போட்டிருந்தோமே மேடம்."

"அப்ப பட்டையில பூட்டு இல்ல, மத்த எல்லாரும் கழற்றினாங்க இசக்கி. குளிக்கக் கழற்றினாங்க, ஊருக்குப் போனா கழற்றினாங்க, பையன்கிட்டப் பேசணும்னா கழற்றினாங்க. அறுந்து அறுந்து கிடந்த பதிவை வெச்சு ஒண்ணும் செய்ய முடியல. மூணு வருஷமும் ஒரு நிமிஷம்கூட விடாம போட்டிருந்தது ஒரே ஆள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கெட்ட சிரிப்பு. பட்டையைத் தொலைத்தால் சீட்டுப் போய்விடும் என்று மாட்டின அன்றைக்கு வார்டன் சொன்னார். மிரட்டலுக்குச் சொன்னது. வீட்டில் யாராவது படித்தவர்கள் இருந்திருந்தால் அது மிரட்டல் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கு யார் இருந்தார்கள். விடுமுறையில் அம்மாவோடு உப்பு வாரப் போகும்போதுகூட மணிக்கட்டைப் பாலிதீன் பையால் சுற்றி நூலால் கட்டிக்கொண்டு போனேன். உள்ளே வெந்து தோல் உரிந்தது. அப்படியும் கழற்றவில்லை. சொன்னபடி கேட்பவள் என்கிற ஒரே காரணத்துக்காக, அறக்கட்டளையின் பதினான்கு விடுதிகளில் இரண்டாயிரம் பெண்களின் காதுக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

"இதை எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இயல்பா இருக்க மாட்டேன்னாங்க. எனக்கும் சரின்னு பட்டுது. இப்ப சரியாப் படல."

நியாயமான மனுஷி. எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தவர். அவரைத் திட்டுவதற்காகத் தயாரித்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எல்லாம் என் பக்கம் திரும்பிவிட்டன.

"நான் எழுதினதுல தப்புன்னு அதுக்குத் தோணலையா?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். என் பதினாறு வயதின் நாட்கள், ஒரு கோடாக. ஏறுவதும் இறங்குவதும். ஓர் இடத்தில் கோடு செங்குத்தாக ஏறி, அப்படியே விழுந்து, அதற்குப் பிறகு குளம் மாதிரி கிடந்தது. பக்கத்தில் ஒரு எண். தொண்ணூற்று நான்கு. மூன்று வருடத்தில் என்னுடைய அதிகபட்ச அமைதி. தேதியைப் பார்க்காமலேயே எந்த நாள் என்று தெரிந்தது.

இல்லை என்று எழுதினேன் அல்லவா, அந்தப் பெற்றோர் நாளில் அம்மா வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று பெற்றோர் நாள் என்று சொல்லியிருக்கிறது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். உப்புத்தண்ணீர் தின்ற கால் வெடிப்பு தெரியக் கூடாது என்று யாரோ கொடுத்த ஆம்பிளைச் சாக்ஸை மாட்டி, அதன்மேல் செருப்பு. வெயிலில் உப்பு மினுங்கிக் கெடுத்த கண்ணைச் சுருக்கிச் சுருக்கி என்னைத் தேடினாள். கண்டுபிடித்துப் பக்கத்தில் வந்தாள். என் அறைத் தோழிகள் யாருடி என்று கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு நொடிதான்.

"நான் இவ சித்திம்மா," என்றாள் அவர்களிடம். "இவ அம்மைக்குத் தங்கச்சி."

கொண்டுவந்த பையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்த உறவை விடவேயில்லை. பட்டமளிப்பு விழாவில் சித்தி. வேலைக்குச் சேர்ந்த அன்று சித்தி. காவலாளியிடம் மாதாமாதம் சித்தி. நான் ஒரு தடவையும் திருத்தவில்லை. ஒரு தடவை திருத்தினால் எல்லாத் தடவையையும் திருத்த வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மேடைகளில் மட்டும், என்னைப் படிக்கவைத்த என் தாய் என்று உருக்கமாகப் பேசுவேன். கைதட்டுவார்கள். தாயை அங்கே யாரும் பார்த்ததில்லை.

பட்டை இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பெற்றவள் இல்லை என்றால் பிள்ளை அடங்குகிறாள் என்று படித்துக்கொண்டது. யாருக்கும் வலித்ததாக அதற்குத் தெரியவில்லை. தெரிவதற்கு அம்மா கையில் பட்டை இல்லையே.

"இத எடுத்துருங்க மேடம்," என்றேன். "அந்த ஒரு விஷயத்த மட்டும் வெட்டி எடுத்துருங்க."

கேட்டுப் பார்த்துவிட்டேன், முடியாது என்கிறார்கள் என்றார். தனித்தனியாக அடுக்கி வைத்த புத்தகம் இல்லை அது, ஆள் மாதிரி என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷம் மூணு பிள்ளைங்க ரொம்ப மோசமான இடத்துல நின்னாங்க. பேர் வேண்டாம். வார்டன் போய்ச் சேர்றதுக்கு முன்னால அது பேசிச்சு. முகத்தக் கழுவு, காலைல பாத்துக்கலாம். அவ்வளவுதான் சொல்லிச்சு. மூணு பேரும் இன்னிக்கு காலேஜ்ல இருக்காங்க. முகத்தைக் கழுவச் சொன்னவளும் அம்மாவை இல்லைன்னு எழுதச் சொன்னவளும் ஒரே ஆள் இசக்கி. ஒருத்தியை வெச்சுக்கிட்டு இன்னொருத்தியை அனுப்ப முடியல."

அந்த மூன்று பேரை எனக்கும் தெரியும். அவர்களில் ஒருத்தியோடு நானும் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். அக்காவை மொத்தமாக அடைத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் மாடி ஏறி வந்தேன். இப்போது அந்தச் சொல் வாயிலேயே நின்றுவிட்டது.

"அப்ப அமைதியா இருந்தா நல்லாருக்கான்னு அர்த்தமா மேடம்? எவன் சொன்னான்? பெத்தவனக் கொன்னுட்டுப் பிள்ள தூங்குது, நாம நூத்துக்குத் தொண்ணூறு போட்டுச் சுவத்துல ஒட்டுதோம்."

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். இன்றைக்கு எப்படியும் என்னிடம் கொடுக்க வேண்டியதுதானாம். திட்டம் மாநிலம் முழுக்க அறுபது விடுதிகளுக்குப் போகிறது. குரலுக்கு மாதிரியாக இருந்தவளின் சம்மதம் இந்தத் தடவை சட்டப்படி வேண்டும். என் விவரங்களைப் பழைய பதிவிலிருந்து எடுத்து ஏற்கெனவே அச்சடித்திருந்தார்கள். பெயர்: பே. இசக்கியம்மாள். தந்தை: இல்லை. தாய்: இல்லை.

அச்சில் பார்த்தால் அது வேறு மாதிரி இருக்கிறது.

எனக்கும் எட்டு வருடத்துக்கு முன்னால் மேடம்தான் பட்டையைக் கழற்றினார். அப்போதே அது பெரிய பதிவேட்டுக்குப் போயிருக்கிறது. நான் ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கவில்லை.

புதிதாக ஏற்ற முடியுமா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. பட்டையைத் திரும்ப என் கையில் மாட்டினால் அது படிக்குமா, அன்றைக்குப் படித்ததைத் திருத்திக்கொள்ளுமா என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "படிக்கும். புதுசுக்கு மதிப்பும் ஜாஸ்தி. ஆனா அது நீ என்ன செய்யுறன்னு பாக்காது. செஞ்சதுக்கப்புறம் உன் நாடி இறங்குதான்னுதான் பாக்கும். இறங்கலைன்னா, இது இவளுக்குக் கெடுதல்னு முடிவு பண்ணிட்டு அடுத்த பிள்ளைக்கு இன்னும் கெட்டியா வேண்டாம்னு சொல்லும். நடிச்சு ஏமாத்த முடியாது. உன் உடம்பு நம்பணும்."

"மாட்டுங்க."

"யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன் மேடம்."

அது பாதிப் பொய். காலையில் வேலைக்கு வருவதற்கு முன்னால் உப்பளத்துக்குப் போயிருந்தேன். இப்போது பாத்திகளில் உப்பு வாருவது இயந்திரம். அதன் கை எட்டாத மூலைகளை மட்டும் நாலைந்து பெண்கள் பலகையால் வாருகிறார்கள். அம்மா ஒரு மூலையில் நின்றாள். நாலு மணிக்கு விடுதிக்கு வா, விழா என்றேன். பலகையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். சந்தோஷம் இல்லை, கோபமும் இல்லை. வேலைக்காரி எஜமானியிடம் கேட்கிற மாதிரி ஒன்று கேட்டாள்.

"கேட்ல யாருன்னு கேட்டா என்னன்னு சொல்லட்டும்? நீ எப்படிச் சொல்லச் சொல்லுதியோ அப்படிச் சொல்லிருதேன்."

நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் முகத்தில் காற்று அடித்தது, ஆனால் எரிச்சல் அடங்கவில்லை.

மேடம் அலமாரியிலிருந்து பட்டை ஒன்றை எடுத்து என் இடது கையில் மாட்டினார். அதே இடம். பாலிதீனில் வெந்த தழும்பு இன்னும் லேசாக இருக்கிறது. பட்டை அதன்மேல் சரியாக உட்கார்ந்தது. சின்னத் திரையில் என் நாடித் துடிப்பு எண்ணாக வந்தது. நூற்றுப் பதினெட்டு.

அப்போது மேசைத் தொலைபேசி அடித்தது. மேடம் எடுத்தார், கேட்டார், ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்கினார். கேட்டிலிருந்து காவலாளி ஞானதுரை அண்ணன்.

"இசக்கி மேடம், உங்க சித்தி வந்திருக்காவ. விழாவுக்குன்னு சொல்லுதாவ. பட்டியல்ல பேர் இல்ல. கருவாட்ட வாங்கி வெச்சுக்கிட்டு அனுப்பிரவா?"

நூற்று முப்பத்தொன்று.

நான் வாயைத் திறந்தேன். பத்து வருடத்துக்கு முன்னால் திறந்த அதே வாய். இந்தத் தடவை அந்தப் பக்கம் நின்று எனக்காகச் சொல்ல அவளை விடக் கூடாது.

"அது எங்க அம்மா அண்ணே," என்றேன். "பேரு தங்கபுஷ்பம். உக்காரச் சொல்லுங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, சரி மேடம் என்றார். அதற்கப்புறம் தூரத்தில், இவளுக்கு இத்தனை வருஷமாகத் தாய் இல்லை என்றல்லவா நினைத்திருந்தோம் என்று யாரிடமோ சொல்வது லேசாகக் கேட்டது. பிள்ளைகள் கேட்டுக்குப் பக்கத்தில்தான் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் விடுதி முழுக்கத் தெரிந்துவிடும்.

நூற்று நாற்பத்திரண்டு. காது மடல் கொதித்தது.  நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தால் அது தவறு. பதினாறு வயதில் தப்பித்து ஓடி ஒளிந்த வெட்கம் இத்தனை வருட வட்டத்தையும் சுற்றிக்கொண்டு என்னிடமே வந்து நின்றது.

மேடம் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுதே இசக்கி."

"ஏறட்டும்."

"இறங்கலைன்னா அது தப்பாப் படிச்சுக்கும்."

"தெரியும். இன்னிக்கு இறங்காது. நாளைக்கும் இறங்காது. இறங்குற வரைக்கும் கழட்டப் போறதில்ல. எனக்குத்தான் கழட்டாம இருந்து பழக்கமாச்சே."

பேனாவைக் கேட்டு வாங்கினேன். தாளில் தாய் என்பதற்கு எதிரே அச்சடித்திருந்ததை அடித்தேன். மேலே பெயரை எழுதினேன். உப்பளத் தொழிலாளி என்று எழுதினேன். கையெழுத்து போடும் இடத்தை அப்படியே விட்டுவிட்டு, தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். அந்த அறுபது விடுதிகளும் என் நாடி இறங்குகிற வரைக்கும் காத்திருக்கட்டும். அரசுப் பதிவேட்டைத் திருத்தத் திங்கட்கிழமை நீதிமன்றம் போக வேண்டும், லீவு வேண்டும் என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

ஜன்னல் வழியே மைதானம் தெரிந்தது. நாற்காலிகள் போட்டுவிட்டார்கள். மேடை ஓரத்தில் இஸ்திரி போட்ட தாவணியோடு ஜெபமலர், கையில் தொலைபேசி. பேசவில்லை, யாருக்கும் தட்டவும் இல்லை. கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் போடுவாளா மாட்டாளா என்பது எனக்குத் தெரியாது. அதை நான் சொல்லிச் செய்ய வைக்கக் கூடாது. அவள் காதில் ஏற்கெனவே நிறைய சொல்லிவிட்டேன்.

மணி மூன்று பத்து. பட்டையில் நூற்று நாற்பத்தைந்து. முகம் கழுவிவிட்டுப் போகலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வேண்டாம் என்று கதவைத் திறந்தேன். வாசற்படியில் நின்று திரும்பி, மேடத்திடம் போயிட்டு வாறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். இங்கே யாரும் சாகவில்லை.